தீப்பந்தத்தைக் கட்டியவர்கள்

கலைகளின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் ஆடியவனைப் பற்றியே எழுதுகின்றனர். ஆடியவனின் கையில் இருந்த பொருளைச் செய்தவர் யார், எதைக் கொண்டு செய்தார், ஏன் அப்படிச் செய்தார் என்ற கேள்விகள் அவர்களுக்கு அவசியமாகப் படுவதில்லை. கூத்து, பொல்லடி, சிலம்படி என்று எதை எடுத்தாலும் இதே நிலைமைதான். தீயைச் சுழற்றும் வித்தையில் இந்தக் குறை இன்னும் பெரிதாகத் தெரிகிறது. இங்கே ஆடுபொருளே எரிந்து போகிறது. வாள் நூதனசாலைக்குப் போகும்; மத்தளம் பரணில் இருக்கும்; பந்தமோ மறுநாள் காலையில் கரிந்த துணியாகக் குப்பை மேட்டில் கிடக்கும்.

இன்று நமது நாட்டின் கடற்கரை உல்லாச விடுதிகளில் சங்கிலியின் நுனியில் எரியும் பந்தை இளைஞர்கள் சுழற்றுவதைக் காண்கிறோம். அதற்கான கருவிகள் இணையத்தில் விலைக்குக் கிடைக்கின்றன. ஆயினும் இந்த வித்தையின் வரலாறு கடைச் சரக்கின் வரலாறு அல்ல. கைக்கெட்டிய புல்லையும் நாரையும் பழந்துணியையும் கொண்டு வீட்டில் செய்யப்பட்ட கருவிகளின் வரலாறு அது. அவற்றைச் செய்தவர்களுள் மிகச் சிலரின் பெயர்களே எஞ்சியுள்ளன. இக்கட்டுரை அந்தச் செய்கையைப் பற்றியது.

திரி என்ற அடிப்படை

தீயைச் சுழற்றுபவர் உண்மையில் சுழற்றுவது எண்ணெய் குடித்த ஒரு திரியைத்தான். நமது வீடுகளில் எரிந்த குப்பி விளக்கில் நடப்பதே இங்கும் நடக்கிறது. திரியின் நுண்ணிய இடைவெளிகளில் எண்ணெய் நிற்கிறது, வெப்பத்தால் ஆவியாகிறது, அந்த ஆவி எரிகிறது. எண்ணெய் ஆவியாகிக்கொண்டிருக்கும் வரை திரி ஓரளவு குளிர்ச்சியாகவே இருக்கும். எண்ணெய் தீர்ந்த பிறகும் தீயை விட்டுவைத்தால் திரியே எரியத் தொடங்கும். சுடர் சிறுக்கத் தொடங்கும்போதே பந்தத்தை அணைத்துவிட வேண்டும் என்று வித்தைக்காரர்கள் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

விளக்குத் திரி அசையாமல் நிற்கிறது. பந்தத்தின் திரி சுழல்கிறது. வேகம் இரு மடங்கானால் அதை வெளியே இழுக்கும் விசை நான்கு மடங்காகும் என்பதை உயர்தர வகுப்பு மாணவர் அறிவர். எனவே பந்தம் செய்பவர் முன்னால் மூன்று கேள்விகள் நிற்கின்றன. எண்ணெயைப் பிடித்துவைக்கும் பொருள் எது? அது எரிந்து போகாமல் எத்தனை முறை தாக்குப்பிடிக்கும்? சுழலும்போது அது கழன்று பார்வையாளர் மீது பறக்காமல் எப்படிக் கட்டுவது? உலகின் வெவ்வேறு மூலைகளில் இருந்த மனிதர்கள் தமது வீட்டிலும் தெருவிலும் கிடைத்ததைக் கொண்டு இக்கேள்விகளுக்கு விடை கண்டார்கள்.

புல்லும் நாரும்

இன்று உலகெங்கும் தீச்சுழற்றும் இளைஞர்கள் தமது கருவியை அழைக்கும் பெயர் நியூசிலாந்தின் மாவோரி மக்களுடையது. அப்பெயரைத் தமிழில் உள்ளபடி எழுதினால் 'பொய்' என்று வந்துவிடும். ஆகவே 'போய்ப்பந்து' என்று எழுதிக்கொள்கிறேன். மாவோரி மொழியில் அச்சொல்லுக்குப் பந்து என்றே பொருள்.

போய்ப்பந்து மாவோரிகளின் தீ வித்தை என்று பலரும் நம்புகின்றனர். அது சரியன்று. மரபான போய்ப்பந்தில் தீ கிடையாது. சதுப்பு நிலத்தில் வளரும் 'ரௌப்போ' என்ற சம்பு இனப் புல்லின் இலைகளால் மேலுறை செய்து, உள்ளே மென்மையான பஞ்சை அடைத்து, 'ஹரகெகே' என்ற செடியின் நாரைத் திரித்துக் கயிறாகக் கட்டினார்கள். நமது பெண்கள் பாய் இழைக்கும் பன்னை நினைத்துக்கொண்டால் இந்தக் கைவேலை எத்தகையது என்பது விளங்கும். கயிறு குட்டையாகவும் இருக்கும், நீளமாகவும் இருக்கும். பெண்கள் பாட்டுக்கு இசைய அதைச் சுழற்றிக் கையிலும் உடலிலும் தட்டுவார்கள். காய்ந்த புல் எழுப்பும் அந்த ஓசையே தாளமாகும்.

இந்த எளிய பொருள் ஒரு மக்களின் வரலாற்றையே சுமந்த இடமும் உண்டு. நியூசிலாந்தின் தரனாக்கிப் பகுதியில் உள்ள பரிஹாக்கா என்ற கிராமத்தில், தே விற்றி, தோஹு என்ற இரு தலைவர்களின் கீழ் மாவோரி மக்கள் தமது நிலம் பறிக்கப்படுவதை ஆயுதம் ஏந்தாமல் எதிர்த்தனர். 1881 நவம்பர் 5ஆம் திகதி ஏறத்தாழ 1,600 பேர் கொண்ட ஆயுதப்படை அக்கிராமத்துக்குள் நுழைந்தது. பாட்டுப் பாடிய சிறுவர்களும் ரொட்டி கொண்டு வந்தவர்களும் அவர்களை எதிர்கொண்டனர். தலைவர்கள் கைது செய்யப்பட்டு, விசாரணையின்றித் தடுத்துவைக்கப்பட்டு, 1883இலேயே ஊர் திரும்பினர். அந்த ஊரின் நினைவும் நம்பிக்கையும் போய்ப்பந்துப் பாட்டுகளில் தங்கின. புல்லால் செய்த பந்தின் தாளத்துக்கு வைத்துப் பெண்கள் அவற்றைத் தலைமுறை தலைமுறையாகக் கொண்டுவந்தனர்.

இன்று நியூசிலாந்துப் பாடசாலைகளில் பிள்ளைகள் பிளாஸ்ரிக் பையையும் கம்பளி நூலையும் பஞ்சையும் கொண்டு போய்ப்பந்து செய்கின்றனர். பொருள் மாறியது, வீட்டில் செய்யும் வழக்கம் மாறவில்லை. ஆனால் நூதனசாலைகளின் கண்ணாடிப் பெட்டிகளில் உள்ள பழைய போய்ப்பந்துகள் பலவற்றின் அருகே, செய்தவர் பெயர் தெரியாது என்றே எழுதப்பட்டிருக்கிறது. பெற்றுக்கொண்டவரின் பெயரும் கொடுத்தவரின் பெயரும் இருக்கும். புல்லைக் கிழித்து முடைந்த பெண்ணின் பெயர் இராது.

ஒரு துவாயும் ஒரு போத்தல் எரிபொருளும்

தீச்சுழற்றலின் வரலாற்றில் ஆண்டும் இடமும் செய்தவர் பெயரும் சேர்ந்து கிடைக்கும் அரிய நிகழ்ச்சி ஒன்று உண்டு. அது சமோவாத் தீவினர் ஒருவருடையது.

சமோவாவில் 'நிஃபோ ஓட்டி' என்ற போர்க்கருவியைச் சுழற்றியும் எறிந்தும் பிடித்தும் வீரம் காட்டும் 'ஐலாவோ' என்ற ஆட்டம் இருந்தது. நமது சிலம்படியில் களமிறங்குபவர் முதலில் கம்பைச் சுழற்றித் தன் வல்லமையைக் காட்டுவதற்கு அதை ஒப்பிடலாம். அதிலும் தீ இல்லை. 1946இல் பிரெடி லெற்றுலி என்ற சமோவா இளைஞர் அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோ நகரில் ஒரு நிகழ்ச்சிக்காகப் பயிற்சி செய்துகொண்டிருந்தார். அருகே இந்தியத் தீ விழுங்கி ஒருவர் தன் வித்தைக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்தார். இன்னொரு பக்கம் ஒரு சிறுமி இரு முனைகளிலும் மின்குமிழ் பொருத்திய கோலைச் சுழற்றிக்கொண்டிருந்தாள். இரண்டையும் பார்த்த லெற்றுலிக்கு ஓர் எண்ணம் தோன்றியது. தன் கத்தியின் முனைகளில் துவாயைச் சுற்றினார். தீ விழுங்கியிடம் எரிபொருள் கேட்டு வாங்கி ஊற்றிப் பற்றவைத்தார். பின்னாளில் அவரே சொன்ன கதை இது. இன்று சமோவாவின் அடையாளமாக உலகம் அறிந்துள்ள தீக்கத்தி நடனம் அந்தத் துவாயில் இருந்து பிறந்தது. அதற்கான உலகப் போட்டிகள் 1993 முதல் ஹவாயின் லாயி என்ற ஊரில் நடத்தப்பட்டு வருகின்றன.

இந்தக் கதையில் இரு விடயங்கள் என் கவனத்தை ஈர்க்கின்றன. முதலாவது, தொன்மையானது என்று நாம் நம்பும் பலவும் நம் பாட்டனார் காலத்தில் பிறந்தவையாக இருக்கக்கூடும். போய்ப்பந்தில் தீ ஏறியதும் இப்படித்தான். பசிபிக் தீவுகளில் உல்லாசப் பயணிகளுக்கான மேடைகள் பெருகிய 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் அது பரவலாகியது. புதிதாகப் பிறந்தது என்பதால் அதன் மதிப்புக் குறைந்துவிடாது. மரபு என்பது பெட்டியில் பூட்டிவைத்த பொருள் அன்று. கையில் கிடைத்ததைக் கொண்டு செய்வதும் மரபில் அடங்கும்.

இரண்டாவது, அந்த நாளில் அங்கே மூவர் இருந்தனர். ஒருவரின் பெயர் மட்டுமே வரலாற்றில் நின்றது. எரிபொருள் தந்த மனிதர் நமது துணைக்கண்டத்தவர். அவர் எந்த ஊர், எந்த மொழி, யாரிடம் அந்த வித்தையைக் கற்றார் என்பதெல்லாம் கதையில் இல்லை. 'ஓர் இந்தியத் தீ விழுங்கி' என்பதோடு அவர் முடிந்துவிடுகிறார். சிறுமியும் அப்படியே. ஒரு கலை பிறக்கும் இடத்தில் துவாயைச் சுற்றியவரும் எண்ணெய் கொடுத்தவரும் சம பங்காளிகள் என்று சொன்னால் அது மிகையாகாது.

எண்ணெயின் பாதை

எண்ணெய் என்று வரும்போது நமது வாசகர்களுக்கு நெருக்கமான ஒரு வரலாறு குறுக்கிடுகிறது. தீச்சுழற்றுவோர் பொதுவாகப் பயன்படுத்துவது மண்ணெண்ணெய் அல்லது அதன் இனத்தைச் சேர்ந்த எரிபொருள். இதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டு மேற்குலகின் கண்டுபிடிப்பாகவே பாடநூல்கள் காட்டுகின்றன. 1846இல் ஆபிரகாம் கெஸ்னர் நிலக்கரியிலிருந்து விளக்கெண்ணெய் வடித்துக் காட்டியது உண்மை. ஆனால் அதற்கு ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே, றை நகரத்து அபூபக்ர் அல்-றாஸி தமது 'கிதாபுல் அஸ்றார்' என்ற நூலில் கரிய நிலநெய்யிலிருந்து 'நஃப்த் அப்யழ்' என்ற வெள்ளை நெய்யை வடிக்கும் முறையை எழுதிவைத்தார். களிமண்ணையோ நவச்சாரத்தையோ சேர்த்து, வடிகலத்தில் திரும்பத் திரும்ப வடித்துத் தெளிந்த எண்ணெயைப் பெறும் முறை அது. 925 அளவில் அவர் மறைந்தார்.

'நஃப்த்' பெரும்பாலும் போருக்கே சென்றது. அப்பாஸியர் படைகளில் நெருப்பெண்ணெய் வீசும் 'நஃப்பாதூன்' என்ற தனிப் பிரிவினர் இருந்தனர். தீப்பற்றாத உடையணிந்து அவர்கள் களத்தில் இறங்கினர். 1168இல் சிலுவைப் படையிடம் சிக்காதிருக்க எகிப்தின் புஸ்தாத் நகரையே வஸீர் ஷாவர் எரிக்கச் செய்தபோது 20,000 நஃப்த் பானைகள் பயன்பட்டன என்றும், நகரம் 54 நாட்கள் எரிந்தது என்றும் அல்-மக்ரீஸி எழுதுகிறார். இது மிகைப்படுத்தல் என்று கருதும் ஆய்வாளரும் உண்டு. போரின் தீக்கு இப்படிப் பானைக் கணக்கு வரை எழுதிவைத்த வரலாறு, விளையாட்டின் தீக்கு ஒரு வரியும் ஒதுக்கவில்லை.

அல்-றாஸி ஏன் திரும்பத் திரும்ப வடித்தார் என்பது பந்தம் செய்பவர் அவசியம் அறிய வேண்டியது. எளிதில் ஆவியாகும் பகுதி போனால்தான் எண்ணெய் அடக்கமாக எரியும். பெற்றோல் ஏறத்தாழ 40 பாகை உறைகுளிரிலும் தீப்பற்றும் ஆவியை வெளியிடும். மண்ணெண்ணெய்க்கு அந்த வெப்பநிலை 38 பாகை செல்சியஸ் அளவிலோ அதற்கு மேலோ உள்ளது. தேங்காயெண்ணெய்க்கு 200 பாகையையும் தாண்ட வேண்டும். எனவே பெற்றோலில் நனைத்த பந்தத்தில் தீ திரியோடு நிற்பதில்லை. கையிலும் உடையிலும் பட்ட ஈரம், பக்கத்தில் திறந்திருக்கும் ரின், சூழ்ந்திருக்கும் காற்று எல்லாவற்றிலும் ஒரே கணத்தில் பற்றுகிறது. என்னிடம் படித்த ஒரு பையன் கடற்கரை விடுதியொன்றில் கண்டதைப் பார்த்து, பெற்றோலில் பந்தம் நனைத்து, முழங்கை வரை வெந்து ஒன்றரை மாதம் வைத்தியசாலையில் கிடந்தான். சுழற்றுவதை அவன் பார்த்தான். செய்வதை அவனுக்கு யாரும் காட்டவில்லை.

கல்நாரும் கெவ்லரும்

எரியாத திரியை மனிதன் தேடியது மிகப் பழைய காலத்திலிருந்தே. கிரேக்கத்தின் அதென்ஸ் நகரில் எரெக்தியம் கோயிலில் இருந்த பொன் விளக்குக்கு ஆண்டுக்கு ஒரு முறையே எண்ணெய் வார்த்தார்கள் என்றும், அதன் திரி எரிந்து போகாத ஒருவகை நார் என்றும் 2ஆம் நூற்றாண்டுப் பயணி பௌசானியஸ் எழுதினார். அது கல்நார், அதாவது அஸ்பெஸ்டோஸ் என்று கருதப்படுகிறது. நவீன காலத்திலும் தீ வித்தைக்காரர் சிலர் கல்நார்க் கயிற்றையும் நாடாவையும் பந்தத்துக்குச் சுற்றினர். அது எரியவில்லை. ஆனால் உதிர்ந்த இழைகள் நுரையீரலில் தங்கின. கல்நார் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதி என்று உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 1987இலும் வகைப்படுத்தியது. நமது கூரைத் தகடுகளில் அதே பொருள் இருப்பதை வாசகர் அறிவர். பழைய தகட்டையோ கயிற்றையோ கிழித்துப் பந்தம் செய்ய எவரும் முனையக்கூடாது.

கல்நாரின் இடத்தைப் பிடித்த இழை வேறொரு தேவைக்காகப் பிறந்தது. 1965இல் அமெரிக்காவின் டூபொண்ட் நிறுவனத்தில் ஸ்ரெபனி குவோலக் என்ற பெண் இரசாயனவியலாளர் வாகனச் சக்கரங்களுக்கான இலேசான, வலிமையான இழையொன்றைத் தேடிக்கொண்டிருந்தார். அவருக்குக் கிடைத்த கரைசல் கலங்கலாகவும் நீர்த்தும் இருந்தது. வழமையாக அத்தகையதை ஊற்றிவிடுவார்கள். இழை நூற்கும் இயந்திரத்தைப் பொறுப்பேற்றிருந்த ஊழியர் அதை இடவே தயங்கினார்; துளைகள் அடைபடும் என்பது அவரது அச்சம். குவோலக் வற்புறுத்தி நூற்கச் செய்தார். கிடைத்தது ஒரே எடையுள்ள உருக்கைவிட ஐந்து மடங்கு வலிமையான கெவ்லர். அது உருகுவதில்லை, 400 பாகைக்கு மேல்தான் சிதையத் தொடங்குகிறது. குண்டு துளைக்காத அங்கிக்குப் போன அதே இழை நாடாவாக நெய்யப்பட்டுத் தீச்சுழற்றுவோரின் திரியுமாயிற்று. பழந்துணி ஒரு சில இரவுகளில் கரிந்துவிடும். கெவ்லர் நாடா ஒழுங்காகப் பயன்படுத்தினால் நூறு முறைக்கு மேலும் உழைக்கும். குவோலக் 2014இல் மறைந்தார்.

கெவ்லர் கடைப்பொருள்தான். ஆனால் அதைப் பந்தாக்கும் வேலை மீண்டும் வீட்டுக்கே வந்தது. நாடாவை மடித்து முடிந்து ஒரு திருகாணியில் கோப்பது, மெல்லிய உருக்குச் சங்கிலியில் மாட்டுவது, முறுக்கேறாமல் இருக்கத் தூண்டிலுக்குரிய சுழல் வளையத்தைப் பொருத்துவது, விரல் நுழையத் தோலில் பிடி தைப்பது என ஒவ்வொன்றையும் உலகெங்கும் இளைஞர்கள் சமையலறை மேசைகளில் செய்து பழகினர். முதலில் காலுறைக்குள் அரிசியோ ரெனிஸ் பந்தோ இட்டு மாதக்கணக்கில் பழகியபின்னரே தீயைத் தொடுவது அவர்களிடையே எழுதப்படாத விதி. நனைத்த திரியை ஏற்றுமுன் மிகை எண்ணெயை உதறிவிடுவது, எண்ணெய் ரின்னை மூடி தூரத்தில் வைப்பது, ஈரத் துவாயுடன் ஒருவர் எப்போதும் பக்கத்தில் நிற்பது ஆகியனவும் அவ்வாறே. அந்தக் கருவியின் ஒவ்வொரு பாகத்துக்கும், ஒவ்வொரு விதிக்கும் பின்னால் யாரோ ஒருவரின் வெந்த கை இருக்கிறது.

கண்டி வீதியும் எங்கள் ஊர்ப் பந்தமும்

நமது நாட்டில் தீச்சுழற்றலின் பெருங்களம் கண்டி எசல பெரஹரா. கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கனின் ஆட்சியில் (1747–1782) புனித தந்தம் முதன்மை பெற்ற ஊர்வலமாக அது இன்றைய வடிவை அடைந்தது. கசையடிப்போரை அடுத்துத் தீப்பந்து சுழற்றுவோரும் தீச்சக்கரம் சுழற்றுவோரும் வருகின்றனர். வீதியின் இரு மருங்கிலும் கம்பின் நுனியில் இரும்புக் கூடைகளை ஏந்தியவர்கள் நடப்பார்கள். அக்கூடைகளில் எரிவது கொப்பறா. உலர்ந்த தேங்காய்ப் பருப்பில் ஏறத்தாழ 60 வீதத்துக்கு மேல் எண்ணெய்தான். அதாவது அங்கே திரியும் எண்ணெயும் ஒரே பொருள். தென்னை நாட்டுக்குத் தகுந்த விடை அது. ஊர்வலத்தைப் பற்றிய நூல்கள் யானைகளின் பெயரைக்கூடச் சொல்கின்றன. கொப்பறா சுமந்து தீ வளர்ப்பவனின் பெயரைச் சொல்லும் நூல் என் கண்ணில் படவில்லை.

கிழக்கிலங்கை முஸ்லிம் ஊர்களில் சீனடியும் சிலம்படியும் கலியாண ஊர்வலத்திலும் பெருநாள் விளையாட்டிலும் இடம்பெற்று வந்தன. இரவு நேரமாயின் கம்பின் இரு முனைகளிலும் தீ ஏறும். என் சிறுவயதில் எங்கள் ஊரில் அதைக் கண்டிருக்கிறேன். 1990க்குப் பின்னர் இரவில் எவரும் வெளியே இறங்காத காலம் வந்தது, ஊர்வலங்கள் நின்றன, பந்தமும் நின்றது. ஆசிரியர் கலாசாலையில் கற்றுக்கொண்டிருந்தபோது ஊர்க்கலை ஒன்றைப் பற்றிய ஒப்படைக்காக எங்கள் ஊர் அண்ணாவியாரிடம் போனேன். ஒப்படை முடிந்த பின்னும் அவரிடம் போவதை நான் விடவில்லை.

அவரது பரணில் ஆறு பந்தக் கம்புகளும் ஒரு சங்கிலிப் பந்தமும் இருந்தன. 2004 டிசம்பர் 26இல் கடல் அவரது வீட்டோடு அவற்றையும் கொண்டுபோயிற்று. உயிர் தப்பிய அவர் அடுத்த ஆண்டு, தற்காலிகக் கொட்டிலின் முன்னால் இருந்து, நினைவிலிருந்தே ஒரு பந்தத்தைக் கட்டிக் காட்டினார். அன்று அப்பியாசக் கொப்பியில் நான் எழுதிக்கொண்டதை இங்கே தருகிறேன்.

கம்பின் நீளம், நிலத்திலிருந்து ஆடுபவரின் நெற்றி வரை. முனையிலிருந்து ஒரு சாண் அளவுக்குத் துணி. துணி பழைய பருத்திச் சாரன் மட்டுமே. நைலோன் கலந்தது ஆகாது. ஏன் என்று கேட்டேன். "பத்துற துணி வேற, உருகுற துணி வேற மகன். பத்துறது சாம்பலாப் போயிரும். உருகுறது தோலோட ஒட்டிரும்" என்றார். துணிக்குக் கீழே கம்பு கருகாதிருக்கப் பால்மா ரின்னை வெட்டிய தகடு, ஒன்றரைச் சாண். துணியை இறுக்கக் கட்டுக்கம்பி ஏழு சுற்று. சுற்றுக்குச் சுற்று ஒரு விரற்கடை இடைவெளி. கம்பியின் நுனியை உள்ளே மடக்கிவிட வேண்டும். இல்லையேல் ஆடுபவரின் கையைக் கிழிக்கும். தேங்காயெண்ணெய் மூன்று பங்கு, மண்ணெண்ணெய் ஒரு பங்கு. மண்ணெண்ணெய் பற்றுவதற்கு, தேங்காயெண்ணெய் நின்று எரிவதற்கு. அஸருக்குப் பின் ஊறப்போட்டு இஷாவுக்குப் பின் பிழிந்தெடுப்பது. ஒரு துளியும் சொட்டக்கூடாது. சங்கிலிப் பந்தத்துக்கு மாடு கட்டும் சங்கிலியே சிறந்தது. மாடு சுற்றிச் சுற்றி மேய்ந்தாலும் முறுக்கேறாதிருக்க அதில் சுழலும் வளையம் ஏற்கெனவே இருக்கிறது.

இந்தக் குறிப்பைப் பின்னர் நான் நிதானமாகப் படித்தபோது வியப்படைந்தேன். சான்பிரான்சிஸ்கோவில் துவாயைச் சுற்றியவர் கண்ட விடையும், தூண்டில் வளையத்தைப் பொருத்திய வெளிநாட்டு இளைஞர் கண்ட விடையும், இரண்டு எண்ணெய்களின் தீப்பற்றும் வெப்பநிலை பற்றி ஆய்வுகூடம் சொல்லும் விடையும் அந்தக் கொட்டிலின் முன்னால் ஏற்கெனவே இருந்தன. அண்ணாவியார் எந்த நூலையும் படித்தவரல்லர். அவருக்குக் கற்பித்தவரும் படித்திருக்க நியாயமில்லை. செய்து, சுட்டுக்கொண்டு, திருத்திச் செய்து பெற்ற அறிவு அது.

அவரது பெயரை நான் இங்கே எழுதவில்லை. "பந்தத்த எழுதுங்க மகன், என்ன எழுத வேணாம்" என்று அவர் சொல்லியிருந்தார். புகழை விரும்பாத அவரது குணத்தை நான் மதிக்கிறேன். 2011இல் அவர் மௌத்தாகிவிட்டார். அவரது பிள்ளைகளில் எவரும் இந்தத் தொழிலுக்கு வரவில்லை.

பதிய வேண்டியவை

நமது மக்களின் வரலாற்றை எழுதும் முயற்சிகள் கடந்த சில தசாப்தங்களாகப் பெருகியுள்ளன. பள்ளிவாசல்கள், குடிவழிகள், புலவர்கள், அறபுத் தமிழ் ஏடுகள் ஆகியன பற்றி நல்ல நூல்கள் வந்துள்ளன. நாட்டார் பாடல்களைத் தொகுத்தோரும் உளர். பாடலைத் தொகுத்தவர்கள் சொற்களைக் காப்பாற்றினார்கள். ஆனால் பொல்லடிக் கம்பை எந்த மரத்தில் வெட்டினார்கள், றபானுக்குத் தோல் எப்படிப் பதமிட்டார்கள், பந்தத்துக்கு எத்தனை சுற்றுக் கம்பி என்பவற்றைத் தொகுத்தவர்கள் மிகக் குறைவு. சொல் வாயிலிருந்து வாய்க்குப் போகும். கைவேலை கையிலிருந்து கைக்குத்தான் போகும். இடையில் ஒரு தலைமுறை விலகினால் அத்தோடு அது முடிந்தது.

இது பழம்பெருமை பேசும் விடயம் மட்டுமன்று. அறுகம்பே முதல் உனவட்டுன வரை கடற்கரைகளில் இன்றும் இளைஞர்கள் தீயைச் சுழற்றுகின்றனர். அது அவர்களுள் சிலருக்குப் பிழைப்பு. நாம் தடுத்தாலும் அவர்கள் விடப்போவதில்லை. அவர்களுக்குத் தேவையானது எந்தத் துணி, எந்த எண்ணெய், எப்படிக் கட்டு என்ற அறிவு. அந்த அறிவு நமது ஊர்களில் இருந்தது. அதைச் சொல்லிக்கொடுக்கும் மனிதர்களுக்கும் அவர்களுக்கும் இடையில் முப்பது ஆண்டு யுத்தமும் ஒரு கடற்கோளும் விழுந்தன. இடைவெளியில் பெற்றோல் ரின் புகுந்துகொண்டது.

எனவே இக்காலாண்டிதழின் வாசகர்களிடம், குறிப்பாக என்னைப் போன்ற கிராமத்து ஆசிரியர்களிடம், ஒரு வேண்டுகோளை முன்வைக்கிறேன். உங்கள் ஊரில் சீனடி, சிலம்படி தெரிந்த முதியவர் ஒருவராவது இருப்பார். மாணவர்களோடு அவரிடம் போங்கள். ஆடச் சொல்லிப் படம் பிடிப்பதோடு நின்றுவிடாதீர்கள். செய்யச் சொல்லி அளவெடுங்கள். சாணா, முழமா, விரற்கடையா என்று அவர் சொல்லும் அளவையிலேயே எழுதுங்கள். எதற்காக அப்படி என்று ஒவ்வொரு கட்டுக்கும் கேளுங்கள். அவர் சம்மதித்தால் பெயரையும், அவருக்குக் கற்பித்தவரின் பெயரையும் சேர்த்து எழுதுங்கள். எழுதியதில் ஒரு பிரதியைப் பாடசாலை நூலகத்தில் வையுங்கள். அதற்கு ஓர் அப்பியாசக் கொப்பியும் இரண்டு பின்னேரமும் போதும்.